சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் மேயர்களுக்கு ஒரு பயணியின் திறந்த மடல்

அன்புள்ள மேயர்களே,

கணினியில் மேயராக இருந்து ஊரை நடத்தும் விளையாட்டான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் ஊர் கட்டி, அதை ஆட்டக்காரர்கள் தங்கள் படைப்புகளைப் பகிரும் தளமான ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் எல்லோரும் இறக்கிக்கொள்ளக் கொடுக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். யாரையும் தனியாகக் குறிவைக்கவில்லை. உங்கள் ஊரை நான் கலாய்க்கிறேன் என்று தோன்றினால், பக்கத்து மேயரின் ஊரைத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கட்டுகிற ஆள் இல்லை, ஏறிப் போகிற ஆள். உங்கள் சேவ் ஃபைலை இறக்கி, முதல் நபர் கேமரா என்ற மோடை, அதாவது ஆளின் கண் மட்டத்திலிருந்து ஊரைக் காட்டும், ரசிகர்கள் செய்த கூடுதல் நிரலைப் போட்டுக்கொண்டு, ஊரின் ஏதோ ஒரு மூலையில் ஒரு வீட்டு வாசலில் நிற்பேன். அங்கிருந்து ஒருவர் வேலைக்குக் கிளம்புவார். அவர் பின்னாலேயே போவேன். அவர் நடந்தால் நடை, பஸ் ஏறினால் பஸ், மெட்ரோவில் இறங்கினால் மெட்ரோ. உங்களுக்கு ஊர் என்றால் மேலிருந்து தெரியும் சாலைக் கோலம், எனக்கு அது பஸ் ஜன்னலுக்கு வெளியே தெரிவது. இரண்டும் ஒரே ஊர்தானா என்றே சில சமயம் சந்தேகம் வந்துவிடுகிறது. மேலிருந்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டில் அவ்வளவு அழகாக இருந்த ஊருக்குள், ஒரு ஆள் வீட்டிலிருந்து கிளம்பி ஒழுங்காக ஆபீஸ் போய்ச் சேர முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த விளையாட்டின் ஊர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதுவும் அவற்றின் கிறுக்குத்தனத்துக்காகவே. முதல் பாகத்தில் எல்லோருடைய சட்டைப் பையிலும் ஒரு கார் இருக்கிறது. காலையில் மெட்ரோவில் ஆபீஸ் போனவர் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார், அந்தக் கார் அதுவரை எங்கே இருந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. சைக்கிளும் அப்படித்தான், ஓட்டிக்கொண்டே வந்து, மாயமாக மடக்கி உள்ளே போட்டுக்கொண்டு, மெட்ரோ படிக்கட்டில் இறங்கிவிடுவார்கள். காலண்டர் இன்னும் வேடிக்கை. நமக்குச் சில நிமிஷம் ஓடும் ஒரு பஸ் பயணத்துக்குள் மேலே தேதி வாரக்கணக்கில் நகர்ந்துவிடும், மாச ஆரம்பத்தில் ஏறினவர் மாசக் கடைசியில் இறங்குவார், சம்பளம் பிடித்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் ஒரு மாதம் என்று கணக்கு. அப்படியானால் அந்த ஊர்க்காரர்கள் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் வாழ்கிறார்கள், அதிலும் பெரும்பகுதியை உங்கள் ரவுண்டானாவில் கழிக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தலைக்கு மேலே ஊர் மக்களின் குறுஞ்செய்திகளைக் காட்டும் சிர்ப்பர் என்ற அந்த நீலக் குருவி விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது. பாதிப் பேர் முதல் வேலையாக அதன் வாயை அடைக்கும் மோடைத் தேடுகிறீர்கள், தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் ஊரைக் காட்டும்போதெல்லாம் ஒரு எண்ணைச் சேர்த்துக் காட்டுகிறீர்கள். போக்குவரத்து ஓட்டம் இத்தனை சதவீதம். எண்பதைத் தாண்டினால் ஒரு பெருமை, தொண்ணூறு என்றால் கேட்கவே வேண்டாம். அந்த எண் வண்டிகளைப் பற்றியது. முப்பது பேரோடு நிற்கும் ஒரு பஸ்ஸும், ஒரே ஆள் உட்கார்ந்திருக்கும் ஒரு காரும் அதற்கு ஒன்றுதான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களை அது பார்ப்பதே இல்லை, சாலையைக் கடக்க வழியில்லாமல் சுற்றுகிறவர்களும் அந்தக் கணக்கில் கிடையாது. அதோடு, முதல் பாகத்தில் ரொம்ப நேரம் சிக்கிக்கொண்ட வண்டிகளை விளையாட்டே சத்தமில்லாமல் காணாமல் போகச் செய்துவிடும். உங்கள் சதவீதத்தில் எவ்வளவு உங்கள் சாமர்த்தியம், எவ்வளவு இந்த மாயம் என்று தெரிய வேண்டுமானால், டிராஃபிக் மேனேஜர் பிரசிடென்ட் எடிஷன் மோடில் அந்தக் காணாமல் போகும் வசதியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். நான் ஏறிய பல ஊர்களில் அதை அணைத்த பிறகு பஸ் டிப்போவிலிருந்து வெளியே வரவே பெரும்பாடாகிவிட்டது.

அதே மோடைப் பற்றி இன்னொரு புகாரும் உண்டு. மோட் மேல் குற்றமில்லை, அதை நீங்கள் பயன்படுத்தும் விதத்தின் மேல்தான். சந்திப்பில் நடந்து கடப்பதைத் தடை செய்யும் வசதி அதில் இருக்கிறது. ரவுண்டானாவில் நடக்கிறவர்கள் குறுக்கே போவதால் கார்கள் நிற்கின்றன, கார்கள் நின்றால் சதவீதம் குறைகிறது, அதனால் வரிக்குதிரைக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போகிறீர்கள். இந்த ஊர் மக்கள் நம்மைப் போல நடுச்சாலையில் கையைக் காட்டிவிட்டுக் கடக்கிறவர்கள் இல்லை, அவர்களுக்குச் சந்திப்பில் இருக்கும் கோடுதான் ஒரே வழி. ஒரு ஊரில் நான் பின்தொடர்ந்த அம்மாவின் வீட்டுக்கு நேர் எதிரே, ஆறு வழிச் சாலையின் அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் இடது பக்கம் திரும்பி நடந்தார். நடந்தார், நடந்தார், மூன்று சந்திப்பு தாண்டினார், எல்லாவற்றிலும் கோடு அழிக்கப்பட்டிருந்தது, கடைசியில் எங்கேயோ ஒரு மேம்பாலத்துக்கு அடியில் கடந்து, வந்த தூரமெல்லாம் திரும்பி நடந்து வந்து ஸ்டாப்பில் நின்றார். அவர் கண்ணுக்கு முன்னாலேயே பஸ் போய்விட்டது. அந்த மேயர் ஊரின் விளக்கத்தில் ஓட்டம் எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஒரு நடைமேம்பாலம் போட்டிருந்தால் போதும். இந்த மக்கள் நடப்பதற்கு அலுத்துக்கொள்ளாதவர்கள், வழி மட்டும் இருந்தால் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே போவார்கள், இது உங்களுக்கே தெரியும். ஒரு மெட்ரோ பாதை செய்யாத வேலையை நாலு நடைபாதைகள் செய்வதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். நடைபாதை என்றால் ஏனோ உங்களுக்கு அது பூங்காவுக்கான அலங்காரம். 2022 செப்டம்பரில் வந்த பிளாசாஸ் அண்ட் ப்ராமனேட்ஸ் என்ற கூடுதல் தொகுப்பில் முழுத் தெருவையே நடப்பவர்களுக்கு விட்டுவிடும் வசதி வந்தது. அதை வாங்கிய பல மேயர்கள் அந்தத் தெருக்களை ஊரின் மூலையில் காட்சிக்கு வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு நடைபாதை கூடப் போடவில்லை.

இப்போது பஸ் வழித்தடம். இதுதான் எனக்குப் பெரிய மனக்குறை, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

விளையாட்டில் ஒரு வழித்தடம் என்றால் தொடங்கிய ஸ்டாப்பிலேயே வந்து முடிய வேண்டும், வட்டம் மூட வேண்டும், அப்போதுதான் பஸ் ஓடும். அதனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள், ஊரைச் சுற்றி ஒரே திசையில் ஒரு பெரிய வட்டம் வரைந்துவிடுகிறீர்கள். மேலிருந்து பார்க்க அழகு. கீழே ஒருவர் ஐந்தாவது ஸ்டாப்பில் ஏறி ஏழாவதில் இறங்கி வேலைக்குப் போகிறார், போகும்போது இரண்டே ஸ்டாப். வீடு திரும்ப? ஏழிலிருந்து எட்டு, ஒன்பது, பத்து என்று ஊரையே முழுக்க ஒரு பிரதட்சணம் செய்து, முப்பது ஸ்டாப் உள்ள தடமாக இருந்தால் இருபத்தெட்டு ஸ்டாப் தாண்டித்தான் ஐந்துக்கு வர முடியும். அந்த மனிதர் என்ன செய்வார்? நடந்துவிடுவார், அல்லது பையிலிருந்து காரை எடுத்துவிடுவார். அப்புறம் நீங்கள் வந்து, பஸ் விட்டும் ஜனங்கள் கார்தான் எடுக்கிறார்கள், இந்த விளையாட்டில் பஸ்ஸே வேஸ்ட் என்று எழுதுகிறீர்கள்! ஒரே சாலையில் போகவும் வரவும் இரண்டு பக்கமும் ஸ்டாப் வைத்து, குறுகலாக, நீளவாக்கில் ஒரு தடம் வரையுங்கள். வரைபடத்தில் ஒன்றும் கவர்ச்சியாக இருக்காது. ஆனால் அதில் போனவர் திரும்பி வருவார்.

அப்புறம் நீளம். ஒரு ஸ்டாப் கூட விட்டுப்போகக் கூடாது என்று பள்ளிக்கூடம், குப்பைக் கிடங்கு, துறைமுகம், பல்கலைக்கழகம், சுடுகாடு எல்லாவற்றையும் ஒரே தடத்தில் கோக்கிறீர்கள். தடத்துக்கு எத்தனை பஸ் என்று விளையாட்டு அதன் நீளத்தையும் பட்ஜெட்டையும் வைத்துக் கணக்குப் போடும், அதனால் எண்ணிக்கையில் குறை தெரியாது. பிரச்சினை வேறு இடத்தில். ஒரு நெரிசலில் முதல் பஸ் மாட்டுகிறது, பின்னால் வருவது அதைப் பிடித்துவிடுகிறது, மூன்றாவதும் வந்து ஒட்டிக்கொள்கிறது. முன்னால் போவது எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பிதுங்கும், பின்னால் வருபவை இரண்டும் காலியாக ஊர்வலம் போகும். நாலு பஸ் ஓடும் தடத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று வர வேண்டியது, இப்படி ஒட்டிக்கொண்டால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலு பஸ்ஸாக வரும். நம்மூரில் பஸ் ஸ்டாப்பில் நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, பிறகு ஏன் மவுஸைக் கையில் எடுத்ததும் மறந்துபோகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தடம் நீளமாக ஆக இந்த ஒட்டல் அதிகமாகும். இரண்டாக வெட்டிவிட்டு, நடுவில் மாறி ஏற ஒரு நல்ல இடம் செய்யுங்கள். 2015 செப்டம்பரில் ஆஃப்டர் டார்க் என்ற கூடுதல் தொகுப்பு வந்ததிலிருந்து பஸ்ஸுக்குத் தனி வழி உள்ள சாலைகள் கையில் இருக்கின்றன. உங்களில் எத்தனை பேர் ஊரில் அது முக்கியச் சாலையில் இருக்கிறது? நான் பார்த்தவரை ஊருக்கு வெளியே, நெரிசலே இல்லாத இடத்தில், இடம் காலியாக இருந்ததால் போட்டிருக்கிறீர்கள்.

டிராமுக்கும் இதே கதை. 2016 பிப்ரவரியில் ஸ்னோஃபாலோடு டிராம் வந்தபோது எல்லோரும் ஆசையாகப் பதித்தீர்கள், கார்கள் ஓடும் அதே சாலையில். தொண்ணூறு பேரை ஏற்றக்கூடிய வண்டி ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் நிற்கிறது. தனித் தண்டவாளம் போட இடமிருந்த இடத்தில் மரம் நட்டிருக்கிறீர்கள்.

மெட்ரோவுக்கு வருகிறேன். பஸ்ஸில் வெறுத்துப்போன மேயர்கள் எல்லோரும் மெட்ரோவில் விழுந்து, ஊருக்கு அடியில் நாலு வண்ணத்தில் கோடு போட்டு, எல்லாக் கோடுகளையும் நடுவில் ஒரே நிலையத்தில் சேர்க்கிறார்கள். முதல் பாகத்தில் ஒரு மெட்ரோ ரயில் 180 பேரை ஏற்றும், பஸ்ஸுக்கு 30 என்ற கணக்கில் அது ஆறு பஸ். ஆனால் ஊரின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும் அந்த ஒரே நிலையத்தில் மாற வேண்டும் என்றால், அங்கே ஆயிரக்கணக்கில் கூட்டம் நிற்கும், ரயில் வந்து 180 பேரை அள்ளிக்கொண்டு போகும், கூட்டத்தில் ஒரு பள்ளம் கூட விழாது. நான் பின்தொடர்ந்த ஆட்கள் அந்தப் பிளாட்பாரத்தில் நின்றே சலித்து, மேலே ஏறி வந்து வேறு வழி பார்த்திருக்கிறார்கள். சிலரைச் சொடுக்கிப் பார்த்தால் நிலவரம் என்ற இடத்தில் குழப்பத்தில் இருக்கிறார் என்று வருகிறது. மேயர் அலுவலகத்துக்கு எழுதிப்போட வேண்டிய மனுவை விளையாட்டே ஒரே சொல்லில் எழுதிவிட்டது. கோடுகள் ஒன்றையொன்று இரண்டு மூன்று இடங்களிலாவது வெட்டட்டும். நிலையத்துக்கு வர பஸ் இருக்கட்டும். மெட்ரோ போட்ட கையோடு அந்தப் பகுதி பஸ்ஸையெல்லாம் நீக்கிவிடுகிறீர்களே, நிலையத்துக்கு எல்லோரும் எப்படி வருவார்கள் என்று நினைத்தீர்கள்?

ரயிலைப் பற்றி ஒன்றே ஒன்று. வெளியூரிலிருந்து வரும் ரயில்களை உங்கள் உள்ளூர் ரயில் நிற்கும் அதே நிலையத்துக்குள் விடாதீர்கள். பாதிக் காலியாக வந்து, பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு, பின்னால் 240 பேரோடு உள்ளூர் ரயிலைச் சிக்னலில் நிறுத்திவைக்கும். நிலையத்தைச் சொடுக்கினால் வெளியூர் ரயிலை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி இருக்கிறது. அந்த டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. இதை இத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியும், நான் இறக்கும் ஊர்களில் அந்த டிக் அப்படியே இருக்கிறது.

இனி ஆகாயக் கப்பல். 2017 மே மாதம் வந்த மாஸ் டிரான்சிட்டில் மோனோரயில், படகு, கேபிள் கார், இந்தக் குண்டு ஆகாயக் கப்பல் எல்லாம் ஒன்றாக வந்தன. எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த வண்டி இதுதான், 35 பேர்தான் ஏறலாம், ரொம்ப மெதுவாகத்தான் போகும், எந்தக் கணக்குக்கும் உதவாது, ஆனால் மாலை நேரத்தில் ஊர் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும்போது அதன் ஜன்னல் மட்டத்தில் கேமராவை வைத்துக்கொண்டு போனால் கீழே நெரிசலில் நிற்கும் அத்தனை பிரேக் லைட்டும் அழகாகத் தெரியும். உங்களில் பலர் இதை ஸ்டேடியத்துக்கு மேலே சும்மா சுற்றவிடுகிறீர்கள், ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் யாருக்கும் தேவையில்லாத இடத்தில். ஒரு மேயர் மட்டும் மலை மேல் ஒரு குடியிருப்பைக் கட்டியிருக்கிறார். சாலை இல்லாமல் இல்லை, வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாலை இருக்கிறது. அடிவாரத்தில் மெட்ரோ நிலையம், அதை ஒட்டிக் கேபிள் கார். மேலே இறங்கினால் நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம், அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போக ஆகாயக் கப்பல். நான் பின்தொடர்ந்த சிறுவன் இந்த மூன்றிலும் ஏறிக் கல்லூரிக்குப் போனான், போகும் வழியில் அவன் முதியவனாகிவிடுவானோ என்று காலண்டரைப் பார்த்துக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் போய்ச் சேர்ந்தான். மேலே கார் நெரிசலே இல்லை. விளையாட்டுப் பொம்மை மாதிரி இருக்கும் வண்டிகளை வைத்தே அந்த மேயர் ஒரு மலையைச் சமாளித்திருக்கிறார். அந்த ஊரைத்தான் இப்போதும் அடிக்கடி திறக்கிறேன்.

இரண்டாம் பாகத்துக்குப் போன மேயர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபரில் அது வந்தபோது ஆகாயக் கப்பலும் இல்லை, கேபிள் காரும் இல்லை, மோனோரயிலும் இல்லை, சைக்கிள் கூட இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் உள்ளே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஒருவர் எப்படிப் போவது என்று முடிவு செய்யும்போது நேரம், சௌகரியம், பணம், பழக்கவழக்கம் என்று நாலு விஷயங்களை எடைபோடுகிறார், அந்த எடை வயதுக்கு வயது மாறுகிறது. பதின்வயதுப் பிள்ளைகள் காசு குறைவான வழியைப் பார்ப்பார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் முக்கியம், வயதானவர்களுக்கு சௌகரியம். டிக்கெட் விலையை நீங்களே வைக்கலாம். வெறும் கம்பத்துக்குப் பதிலாக நிழற்குடை உள்ள ஸ்டாப்பை வைத்தால் சௌகரியக் கணக்கு கூடும். இவ்வளவையும் உங்கள் கையில் கொடுத்திருக்கும்போது, பள்ளிக்கூடம் போகும் தடத்துக்கும் விமான நிலையம் போகும் தடத்துக்கும் ஒரே விலை வைத்துவிட்டு, முதியோர் அதிகம் இருக்கும் தெருவில் வெறும் கம்பத்தை நட்டுவிட்டுப் போகிறீர்கள். ஆஸ்பத்திரித் தடத்து ஸ்டாப்பில் நிழற்குடை, கல்லூரித் தடத்தில் குறைந்த டிக்கெட். இதில் செய்து பார்க்க எவ்வளவு இருக்கிறது! யாராவது ஒருவர் பெண்களுக்கு இலவசம் என்று ஒரு தடத்தை விட்டுப் பார்க்கலாமே என்று தேடினேன், அந்த அளவுக்கு விளையாட்டு பிரித்துப் பார்ப்பதில்லை. முழுத் தடத்தையும் இலவசமாக்கி, யார் யார் வந்து ஏறுகிறார்கள் என்று பார்க்கலாம்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்த வேண்டும். இந்த விளையாட்டைச் செய்தது பின்லாந்தின் தாம்பரே நகரத்தைச் சேர்ந்த கொலோசல் ஆர்டர் நிறுவனம். அவர்கள் 2015ல் ஸ்கைலைன்ஸைக் கொண்டுவருவதற்கு முன்னால் செய்தவை சிட்டீஸ் இன் மோஷன் ஒன்றும் இரண்டும், 2011லும் 2013லும், இரண்டுமே பொதுப் போக்குவரத்து நடத்தும் விளையாட்டுகள். அதாவது முதலில் பஸ் விட்டுப் பழகி, அப்புறம்தான் ஊர் கட்டக் கொடுத்தார்கள். பஸ் தடம் இந்த விளையாட்டில் ஒட்டுவேலை கிடையாது, எலும்பே அதுதான். தாம்பரே ஊருக்கே நிஜத்தில் டிராம் ஓட ஆரம்பித்தது 2021 ஆகஸ்டில்தான், ஸ்கைலைன்ஸுக்குள் அவர்கள் டிராம் விட்டு ஐந்து வருஷம் கழித்து. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும்.

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். அவர்கள் நிஜ மனிதர்கள் இல்லை, வெறும் எண்கள், இவ்வளவு உருகுவதற்கு என்ன இருக்கிறது. அதோடு விவரம் தெரிந்த ஒரு மேயர் எழுந்து, முதல் பாகத்தில் ஒரே சமயத்தில் 65,536 பேர்தான் வெளியே நடமாட முடியும், ஓடும் வண்டி 16,384தான், ஊரில் அஞ்சு லட்சம் பேர் இருந்தால் பாதிக்கு மேல் வீட்டை விட்டே வருவதில்லை, அப்புறம் என்ன பஸ் சேவை என்பார். சரியான கேள்விதான். ஆனால் அந்தக் கணக்கு என் பக்கம்தான் பேசுகிறது. வெளியே வரக் கொடுத்துவைத்தவர்களே அவ்வளவுதான் என்றால், அவர்களில் ஒருவர் வரிக்குதிரைக் கோட்டைத் தேடி நடந்தே பொழுதைப் போக்குவது எவ்வளவு பெரிய வீண்! வண்டிக்கும் உச்சவரம்பு இருக்கும்போது 180 பேரை ஒரு வரிசையில் போகும் கார்களாக மாற்றிவிட்டால், பிணவண்டிக்கும் தீயணைப்பு வண்டிக்கும்கூட இடம் இருக்காது. புதுக் குடியிருப்பில் ஒன்றாகக் குடியேறியவர்கள் ஒன்றாகவே சாகத் தொடங்கும் அந்த நேரத்தில் பிணவண்டி வராமல் வீடுவீடாக மண்டையோடு மின்னுவதைப் பார்த்திருப்பீர்களே.

நிஜமா பொய்யா என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, வேலை செய்யும் இடம் இருக்கிறது, அதை விளையாட்டு மெனக்கெட்டு ஞாபகம் வைத்திருக்கிறது. வெறும் எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் அவ்வளவு மெனக்கெடல் எதற்கு? நீங்கள்கூட உங்கள் வீட்டு ஆட்களின் பெயரை யாராவது ஒருவருக்கு வைத்திருப்பீர்கள், எல்லோரும் வைக்கிறார்கள். அந்தப் பெயரைத் தேடிப் பிடியுங்கள், அவர் வேலைக்குக் கிளம்பும் வரை காத்திருந்து பின்னாலேயே போங்கள். மோட் கூட வேண்டாம், ஆளைச் சொடுக்கிக் கேமராவைத் தொடரவிடலாம். முதல் பயணத்திலேயே எந்த ஸ்டாப்பை எங்கே நகர்த்த வேண்டும் என்று உங்களுக்கே கை பரபரக்கும். அதற்குப் பிறகு வண்ண வண்ணக் கோடு, சதவீதம், ரவுண்டானா எதையும் நான் குறை சொல்லப்போவதில்லை, உங்கள் ஊர், உங்கள் இஷ்டம்.

எனக்கு உங்களிடம் இருக்கும் நேரடிக் கோரிக்கை சின்னது. அடுத்த முறை ஊரை வொர்க்‌ஷாப்பில் ஏற்றும்போது விளக்கத்தில் மக்கள்தொகை, ஓட்டச் சதவீதம், தேவையான மோட்களின் நீளப் பட்டியல் இவற்றோடு இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். இந்த ஊரில் எந்தத் தடத்தில், எந்த ஸ்டாப்பில் ஏற வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று. நீங்களே ஏறிப் பார்க்காமல் அந்த வரியை எழுத முடியாது. ஆகாயக் கப்பல் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள், அந்த ஊரை முதலில் இறக்குகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பயணி

பி.கு: சுடுகாட்டையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே பஸ்ஸில் கோத்த மேயர், அந்தத் தடத்துக்கு வைத்திருக்கும் பெயர் மட்டும் பிரமாதம். அதை மாற்ற வேண்டாம்.